கார் இன்ஜினில் டிக் டிக் சத்தம்: ஹெட்டைப் பிரிக்கும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

டிக் டிக் சத்தத்தோடு டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கும் எரிகிறதா? அப்படியென்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், இன்ஜினை அணைத்துவிடுங்கள். பெங்களூர் சில்க் போர்டு சிக்னலின் நடுவே நின்றாலும் சரி, பின்னாலிருந்து எத்தனை ஹாரன் வந்தாலும் சரி, அடுத்த பங்க் வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம் என்ற நினைப்பு கூடாது. ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் இன்ஜினில் பேரிங் கெட்டுப்போக சில நிமிடங்களே போதும். நாலு பேரைக் கூப்பிட்டு ஓரமாகத் தள்ளி நிறுத்துங்கள், டோயிங் வண்டிக்குச் சொல்லுங்கள். அந்தச் செலவைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இன்ஜின் வேலையின் எஸ்டிமேட்டை இன்னும் பார்த்ததில்லை.

விளக்கு எரியவில்லை என்றால் நிதானமாகப் பார்க்கலாம். பெங்களூரில் வேலை கிடைத்து, கொஞ்ச காலம் பிஎம்டிசி பஸ்ஸிலும் மெட்ரோவிலும் போய்வந்து, சேலத்துக்கோ வேலூருக்கோ வார இறுதியில் போக வசதியாக இருக்கட்டுமே என்று செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பானெட்டைத் திறக்கத் தெரிந்தால் போதும். இன்ஜினைப் பற்றி வேறெதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எல்லோரும் முதலில் கேட்பது "சத்தம் எங்கேயிருந்து வருது?" என்றுதான். நான் அதை இரண்டாவதாக வைப்பேன். பானெட்டுக்குள் எல்லாமே இரும்பும் அலுமினியமுமாக ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருப்பதால், ஒரு மூலையில் எழும் சத்தம் இன்னொரு மூலையில் கேட்கும். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று இரண்டு நாள் கவனித்துக் குறித்து வைத்தால், பாதிக் காரணங்கள் பட்டியலிலிருந்து தானாகக் கழன்றுவிடும். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஆயில்.

ஆயில் ஸ்டிக்கை உருவுங்கள்

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பார்ப்பது நல்லது. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டின் ராம்ப்பில் சாய்ந்து நின்றால் அளவு தப்பாகக் காட்டும். இப்போதுதான் ஓட்டி நிறுத்தியது என்றால் பத்து நிமிடம் விடுங்கள், மேலே ஏறிய ஆயில் கீழே வடிய வேண்டும். ஸ்டிக்கை உருவி, பழைய பனியன் துணியால் துடைத்து, கடைசி வரை உள்ளே விட்டு, மறுபடியும் உருவுங்கள். முதல் முறை உருவும்போது ஸ்டிக் முழுக்க அப்பியிருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டாவது முறை தெரிவதுதான் அளவு. நுனியில் இரண்டு புள்ளியோ இரண்டு வெட்டோ இருக்கும். அவற்றுக்கு நடுவில், மேல் பக்கமாக ஆயில் நின்றால் சரி. கீழ்ப்புள்ளியைத் தொட்டும் தொடாமலும் இருந்தால், சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

சின்ன பெட்ரோல் கார்களில் மொத்த ஆயிலே மூன்று, மூன்றரை லிட்டர்தான். மேல்புள்ளிக்கும் கீழ்ப்புள்ளிக்கும் இடையே முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை இருக்கும். குறைந்திருந்தால் ஏற்கெனவே உள்ள அதே கிரேடு (கெட்டித்தன்மை) ஆயிலைக் கால் லிட்டர் ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு கால் லிட்டர். ஒரேயடியாகக் கவிழ்த்துவிடாதீர்கள். மேல்புள்ளியைத் தாண்டிப்போனால் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை ஏறிய ஆயில் ஹைட்ராலிக் டேப்பட்டுக்குள் (வால்வைத் திறக்கும் அமைப்பில் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் பாகம்) போனால் அதுவும் டிக் டிக் என்றே சத்தம் கொடுக்கும். குறைந்தாலும் சத்தம், கூடினாலும் சத்தம்.

நிறத்தை வைத்து அவசரப்பட வேண்டாம். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், அது இயல்பு. பால் கலந்த காபி நிறத்தில் ஸ்டிக்கில் வந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டியை ஓட்டாதீர்கள். (ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெளிர்ப் பசை இருந்தால் பயப்படத் தேவையில்லை. இரண்டு கிலோமீட்டர் ஓடி நின்று, இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டிகளில் ஈரம் அங்கே படிவதுண்டு.) ஆயிலை இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். பளபளவென்று பொடி மின்னினால் எங்கேயோ உலோகம் தேய்கிறது என்று பொருள்.

அடுத்து, ஆயில் மாற்றி எவ்வளவு நாளாகிறது? இங்கே பெங்களூர்க்காரர்கள் ஓடோமீட்டரை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். இன்ஜின் கிலோமீட்டர் கணக்கில் தேய்வதில்லை, சுற்றிய நேரத்தில்தான் தேய்கிறது. மாரத்தஹள்ளியிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் போய்வரும் வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 18 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 கி.மீ. காட்டும்போது இன்ஜின் 555 மணி நேரம் சுற்றியிருக்கும். ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி ரோட்டில் 70-ல் போகும் வண்டிக்கு அதே 10,000 கி.மீ. 143 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஓடோமீட்டரில் ஒரே எண், உள்ளே இருக்கும் ஆயிலின் வயதோ ஏறக்குறைய நாலு மடங்கு. வண்டியோடு வரும் கையேட்டில் "கடினமான பயன்பாடு" என்று ஒரு பகுதி இருக்கும், அதில் ஆயில் மாற்றும் இடைவெளி குறைவாகப் போட்டிருப்பார்கள். அவுட்டர் ரிங் ரோட்டில் தினமும் ஊர்கிறவர்கள் அந்தப் பகுதியைத்தான் பார்க்க வேண்டும். நான் நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு 5,000 கி.மீ. அல்லது ஆறு மாதம் என்பேன்.

கிரேடு விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். புதிய பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ 20, 5டபிள்யூ 30 போன்ற மெல்லிய ஆயிலைத்தான் கையேட்டில் போட்டிருப்பார்கள். சத்தம் வருகிறது என்று 20டபிள்யூ 50 ஊற்றினால் டிக் டிக் அடங்கும், உண்மைதான். ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கெட்டியான ஆயில் மேலே ஏறத் தாமதமாகும், அந்த நேரத்தில்தான் கேமும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) டேப்பட்டும் காய்ந்து உரசும். செகண்ட் ஹேண்ட் வண்டியை விற்கும்போது சிலர் கெட்டி ஆயிலை ஊற்றுவதும் அந்தச் சத்தத்தை மறைக்கத்தான்.

இன்னொன்று, நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்கள். வண்டியின் அடி எப்போதாவது "டமார்" என்று உரசியதா? ஆயில் சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ளே நசுங்கியிருந்தால், அதற்குள் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாய் பாதி அடைபட்டுப்போகும். ஸ்டிக்கில் அளவு சரியாகக் காட்டும், மேலே அழுத்தம் குறைவாக இருக்கும். ஆயில் மாற்றியும் சத்தம் போகாத வண்டியை லிஃப்ட்டில் ஏற்றும்போது சம்ப்பின் அடியை டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஆயில் விளக்கு எரியாததை மட்டும் வைத்து அழுத்தம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யவும் முடியாது. பெரும்பாலான கார்களில் அழுத்தம் அரை பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கும் கீழே இறங்கினால்தான் அந்த விளக்கு எரியும். அதற்குள் காலம் கடந்திருக்கும். சந்தேகம் இருந்தால் மெக்கானிக்கிடம் ஆயில் சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. ஹெட்டை (வால்வுகள் இருக்கும் இன்ஜினின் மேல்பகுதி) இறக்கலாம் என்று சொல்பவர் இந்த அரை மணி நேர வேலைக்கு மறுத்தால், வேறு கராஜ் பாருங்கள்.

எப்போது வருகிறது?

ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு மூன்று வினாடி மட்டும் கடகடவென்று வந்து நின்றுவிடுகிறதா? இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் ஃபில்டரிலிருந்து வடிந்து கீழே இறங்கிவிட்டது. நல்ல ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்க ஒரு ரப்பர் வால்வு இருக்கும். மலிவான ஃபில்டரில் அது சீக்கிரம் விறைத்துப்போகும். ஃபில்டரை மாற்றினாலே பல வண்டிகளில் இது போய்விடும். மாற்றியும் போகாமல், டிக் டிக்காக இல்லாமல் சங்கிலி இழுபடுவதுபோல் சரசரவென்று கேட்டால், அது டைமிங் செயின் (கிராங்க்கையும் கேமையும் இணைக்கும் சங்கிலி). அதைப் பின்னால் சொல்கிறேன்.

குளிர்ந்த இன்ஜினில் ஆரம்பித்து, ஐந்து பத்து நிமிடத்தில் சூடு ஏறியதும் மறைந்துவிடுகிறதா? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்) கசிவைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். உலோகம் சூடேறி விரியும்போது கசிகிற இடுக்கு தானாக அடைபடும், அதனால்தான் சத்தம் நிற்கிறது. டிசம்பர், ஜனவரியில் காலை வெப்பம் 15 டிகிரிக்கு இறங்கும்போது "திடீர்னு ஆரம்பிச்சிடுச்சு" என்று பலர் சொல்வது இதைத்தான். கசிவு ஏற்கெனவே இருந்திருக்கும், குளிர் அதைக் காட்டிக்கொடுத்தது. பழைய இன்ஜினில் பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டினாலும் இதே மாதிரி சூடானதும் அடங்கும்.

நேர்மாறாக, காலையில் ஒன்றுமில்லை, ஒரு மணி நேரம் டிராஃபிக்கில் ஊர்ந்த பிறகு ஸ்லோவில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல்) நிற்கும்போது மட்டும் வருகிறது என்றால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சூட்டில் ஆயில் மெலிந்து அழுத்தம் குறைகிறது. ஆயில் பழசாகியிருக்கலாம், தப்பான கிரேடாக இருக்கலாம், ஆயில் பம்ப்போ பேரிங்கோ தேய்ந்திருக்கலாம். பிரஷர் கேஜ் பரிசோதனை இங்கேதான் உதவும், அதையும் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு செய்ய வேண்டும்.

எப்போதும் ஒரே சீராக, மெல்லியதாக, ஸ்டார்ட் செய்ததிலிருந்து அணைக்கும்வரை கேட்கும் டிக் டிக் பெரும்பாலும் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். அது அதன் வேலை, விட்டுவிடுங்கள். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் டர்போ பெட்ரோல் கார்களில் இந்தச் சத்தம் இன்னும் பலமாகவே இருக்கும்.

சூடான பிறகு ஸ்லோவில் வருவதும் போவதுமாக, ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் வேகம் மாறாமல் தன் போக்கில் டிக் டிக் என்று அடித்தால் பர்ஜ் வால்வைப் பாருங்கள். பெட்ரோல் டேங்கின் ஆவியை இன்ஜினுக்குள் விடும் சின்ன மின்வால்வு அது. இன்டேக்குக்குப் பக்கத்தில், இரண்டு மெல்லிய ஹோஸும் ஒரு கனெக்டருமாக இருக்கும். விரலால் பிடித்தால் அடிப்பது கையிலேயே தெரியும். கேடு ஒன்றுமில்லை. இதைக் கேட்டு டேப்பட் அட்ஜஸ்ட் செய்யச் சொன்னவர்களும் உண்டு, செய்து காசு வாங்கியவர்களும் உண்டு.

இன்ஜின் வேகத்தோடு சேராமல் சக்கரத்தின் வேகத்தோடு வந்தால் அது இன்ஜினே இல்லை. வண்டி ஓடும்போது கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள் (காலியான, சமதளமான தெருவில் மட்டும்). ஆர்பிஎம் இறங்கியும் சத்தம் அதே வேகத்தில் தொடர்ந்தால், டயர் இடுக்கில் கல்லோ ஆணியோ சிக்கியிருக்கலாம். சின்ன காரின் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.8 மீட்டர் போகும், 20 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு மூன்று டிக். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது மட்டும் டக் டக் என்றால் ஆக்ஸில் ஜாயின்ட். புளோயரைக் கூட்டினால் சத்தமும் கூடுகிறது என்றால் உள்ளே ஒரு காய்ந்த இலையோ குச்சியோ மாட்டியிருக்கும். மரத்தடியில் நிறுத்தும் ஊர் இது. அணைத்த பிறகு வரும் டிங், டிங், சைலன்சர் ஆறுவது. இவற்றையெல்லாம் கழித்துவிட்டுத்தான் பானெட்டுக்குள் போக வேண்டும்.

காது வைப்பது

வெளியே திறந்த இடத்தில் செய்யுங்கள். மூடிய பேஸ்மென்ட்டில் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு நிற்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் முழுக்கப் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள். துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு, தளர்ந்த சட்டைக் கை, வளையல் எதுவும் வேண்டாம். ரேடியேட்டர் ஃபேன் எந்த நொடியும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், சில வண்டிகளில் இன்ஜின் அணைந்த பிறகும்.

நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும். முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் லேசாக ஒட்டுங்கள். காதுத் துளைக்குள் வேண்டாம், வண்டி ஒரு குலுக்கு குலுக்கினால் போதும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும். எஸ்.பி. ரோடு கடைகளில் மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் கிடைக்கும், அடிக்கடி பார்ப்பதாக இருந்தால் அதை வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் இன்ஜெக்டர்களில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் கூர்மையாக, ஒன்றுபோலவே டிக் டிக் என்று அடிக்கும். நாலில் ஒன்று மட்டும் மந்தமாகவோ பலமாகவோ இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டேப்பட் கவரின் போல்ட்டுகள் மேல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேராக வையுங்கள். சத்தம் உரத்துக் கேட்கும் சிலிண்டர் எது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். கடைசியாக பிளாக்கின் கீழ்ப்பகுதி, சம்ப்பின் ஓரம்.

எக்ஸாஸ்ட் கசிவுக்கு ஸ்க்ரூ டிரைவர் உதவாது, அது காற்று கசியும் சத்தம். ஒரு மீட்டர் பழைய ரப்பர் ஹோஸ் எடுத்து, ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையை மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்துக்கு அருகே, தொடாமல் நகர்த்துங்கள். கசியும் இடத்துக்கு நேராக வரும்போது "புஸ், புஸ், புஸ்" என்று காதுக்குள்ளேயே அடிக்கும்.

ஒரு கணக்கு கையில் இருக்கட்டும். கேம் ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றும். ஸ்லோவில் 800 ஆர்பிஎம் என்றால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 தடவை திறக்கும், அதாவது வினாடிக்கு ஆறேழு டிக். ஒரு டேப்பட் மட்டும் அடித்தால் இந்த நிதானத்தில்தான் கேட்கும். ஃபோனில் ரெகார்ட் செய்து எண்ணிப் பார்க்கலாம். அந்த ரெகார்டிங்கை வைத்திருங்கள், கராஜுக்குப் போகும்போது மட்டும் சத்தம் வராமல் போவது கார்களின் குணம்.

டேப்பட்

வால்வைத் திறந்து மூடும் அமைப்பில் எல்லா வண்டிகளும் ஒன்றல்ல. இதைத் தெரிந்துகொள்ளாமல் "டேப்பட் அட்ஜஸ்ட் பண்ணிடுங்க" என்று சொல்வது வீண். மாருதி 800, பழைய ஆல்டோ, 2020-க்கு முந்தைய ஹோண்டா சிட்டி பெட்ரோல் போன்றவற்றில் ராக்கர் ஆர்மின் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) நுனியில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும், கையால் சரிசெய்யலாம். மாருதியின் கே-சீரிஸ் பெட்ரோல் இன்ஜின்களில் கேம் நேராக ஒரு கிண்ணத்தின் தலையில் அழுத்தும். கேமுக்கும் கிண்ணத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி தப்பினால் வேறு கனமுள்ள கிண்ணம் மாற்ற வேண்டும், தெருவோர வேலை அல்ல. ஸ்விஃப்ட், ரிட்ஸ் வண்டிகளில் வந்த 1.3 லிட்டர் டீசலில் ஹைட்ராலிக் டேப்பட். அது ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும், அதில் அட்ஜஸ்ட் செய்ய ஒன்றுமே இல்லை. அந்த வண்டிக்கு "டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட்" என்று பில் போட்டுத் தந்தால், எதை அட்ஜஸ்ட் செய்தீர்கள் என்று கேளுங்கள்.

ஸ்க்ரூ வகை என்றால், வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், இரவு நின்ற வண்டி சிறந்தது. டேப்பட் கவரைக் கழற்றி, பிளக்குகளையும் எடுத்துவிட்டால் கிராங்க்கைக் கையால் சுற்றுவது சுலபம். முதல் சிலிண்டரின் பிஸ்டன் அழுத்தும் கட்டத்தில் உச்சிக்கு வந்ததும் அதன் ராக்கர்கள் எல்லாம் லேசாக ஆடும். ஃபீலர் கேஜின் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) சரியான தகட்டை ஸ்க்ரூவுக்கும் வால்வு நுனிக்கும் நடுவில் நுழைக்க வேண்டும். தகடு வழுக்கிக்கொண்டு போகக் கூடாது, இழுக்க முடியாமல் மாட்டிக்கொள்ளவும் கூடாது. இழுக்கும்போது விரலில் ஒரு பிடிமானம் தெரிய வேண்டும். ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி தகட்டை விட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இறுக்கும்போது அளவு நகரும். அவசரக்கார மெக்கானிக்குகள் இந்த இரண்டாவது சோதனையைத்தான் விட்டுவிடுவார்கள். பிறகு, நாலு சிலிண்டர் இன்ஜின் என்றால், அரைச் சுற்று சுற்றி அடுத்த சிலிண்டர். பெரும்பாலான நாலு சிலிண்டர் இன்ஜின்களில் வரிசை 1-3-4-2. அளவு ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒன்றிரண்டு பாகம்தான், எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் அது அதிகம் சூடேறி நீளும். உங்கள் வண்டியின் எண்ணைக் கையேட்டில் பார்த்துச் சொல்லுங்கள், "எல்லா வண்டிக்கும் ஒரே அளவுதான்" என்பதை ஏற்காதீர்கள். முடிந்ததும் கவருக்குப் புது பேக்கிங் போடச் சொல்லுங்கள், பழையதை ஒட்டினால் ஆயில் கசிந்து எக்ஸாஸ்ட்டில் சொட்டிப் புகையும்.

சத்தமே இல்லாமல் போகட்டும் என்று இடைவெளியை இறுக்கிவிடக் கூடாது. இறுகிய வால்வு முழுக்க மூடாது, அதன் ஓரம் கருகிவிடும். கொஞ்சம் டிக் டிக் கேட்கும் டேப்பட் பாதகமில்லை, இறுகிப்போன டேப்பட்தான் ஆபத்து. சிஎன்ஜி வண்டிக்காரர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். காஸில் ஓடும்போது வால்வு சீட் வேகமாகத் தேய்ந்து இடைவெளி குறைந்துகொண்டே வரும். சத்தம் அதிகமாகாது, குறையும். அதனால் சத்தத்துக்குக் காத்திருக்காமல் கையேடு சொல்லும் கிலோமீட்டரில் அளந்து பார்க்க வேண்டும்.

ஹைட்ராலிக் வகையில் முதல் சிகிச்சை நல்ல ஆயிலும் புது ஃபில்டரும்தான். மாற்றிவிட்டு, ஊருக்குப் போய்வருவதுபோல் ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டுங்கள். உள்ளே மாட்டிய காற்றும் அழுக்கும் வெளியேற நேரம் பிடிக்கும். அதற்கும் போகவில்லை என்றால் டேப்பட் மாற்ற வேண்டியதுதான். இன்ஜின் ஃப்ளஷ் என்று ஒரு டப்பாவை ஊற்றச் சொல்வார்கள். நிறைய ஓடிய, ஆயில் மாற்றிய சரித்திரம் தெரியாத வண்டிக்கு வேண்டாம். ஒரேயடியாகக் கிளம்பும் கசடு, ஆயில் உறிஞ்சும் வலையைப் போய் அடைக்கும்.

எக்ஸாஸ்ட் கசிவு

மேனிஃபோல்டு பேக்கிங் எரிந்துபோயிருக்கலாம், ஸ்டட் (அதை ஹெட்டோடு பிடிக்கும் திருகாணி) ஒன்று உடைந்திருக்கலாம், மேனிஃபோல்டே விரிசல் விட்டிருக்கலாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஹீட் ஷீல்டைக் கழற்றி, ஹெட்டோடு சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கசிந்த இடத்தில் மையிட்டதுபோல் கரி படிந்திருக்கும். உறுதிசெய்ய, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, இன்னொருவர் தடித்த துணியால் சைலன்சர் வாயை ஒரு நொடி மட்டும் அடைக்கட்டும். கசிவு இருந்தால் டிக் டிக் உடனே சீறலாக மாறும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். புகை கேபினுக்குள் வரலாம், ஆக்சிஜன் சென்சார் தப்பாகப் படித்து பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்க வைக்கும். பேக்கிங் விலை பெரிதில்லை. துருப்பிடித்த ஸ்டட் கழற்றும்போது உடைந்துகொண்டால்தான் கூலி ஏறும், அதனால் முந்தைய நாள் மாலையே துரு எண்ணெய் அடித்து ஊறவிடச் சொல்லுங்கள்.

இதே சத்தத்தைத் தளர்ந்த ஸ்பார்க் பிளக்கும் கொடுக்கும். பிளக்கை நன்றாக முறுக்கியிருக்கிறார்களா என்று ஒரு முறை பாருங்கள், குறிப்பாக சர்வீஸ் முடிந்து வந்த மறுநாள் சத்தம் ஆரம்பித்திருந்தால்.

செயினும், டொக் டொக்கும்

டைமிங் செயின் நீண்டிருந்தாலோ அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருந்தாலோ இன்ஜினின் ஒரு பக்கக் கவரிலிருந்து சரசரவென்று வரும், ஸ்டார்ட்டில் அதிகம். செயின், டென்ஷனர், கைடு மூன்றையும் ஒரே செட்டாக மாற்றுவதுதான் சரி. செயின் பல் தாண்டினால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதும், அப்புறம் பேச்சே இல்லை.

மேலே கேட்பது டிக். கீழே சம்ப் பக்கமிருந்து, கனமாக, டொக் டொக் என்று, ஆக்ஸிலேட்டர் மிதித்து விடும்போது கூடிக் கேட்டால் கனெக்டிங் ராடு (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் தண்டு) பேரிங். பெட்ரோல் வண்டியில் மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் கனெக்டரைச் சில வினாடி கழற்றிப் பார்ப்பார். சுமை குறைந்ததும் டொக் மெலிந்தால் அந்தச் சிலிண்டரின் ராடு. டேப்பட் சத்தம் இப்படிச் செய்தாலும் மாறாது. பேரிங் என்று உறுதியானால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். மழை வெள்ளத்தில் மாட்டிய வண்டியிலும் இதைப் பார்க்கலாம். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு பக்கம் தண்ணீர் நின்றதே, அப்படி இன்ஜினுக்குள் தண்ணீர் உறிஞ்சிய வண்டியில் ராடு வளைந்திருந்தாலும் ஓடும், தட்டிக்கொண்டே ஓடும்.

கராஜில் பேசுவது

வில்சன் கார்டன், லால்பாக் ரோடு, அல்சூர் பக்கத்துக் கராஜ்களில் தமிழ் பேசும் மெக்கானிக்குகள் தாராளம், மொழி பிரச்சினையில்லை. "அண்ணா, இன்ஜின்ல சத்தம் வருது, பாருங்க" என்று மட்டும் சொன்னால் அவர் தன் அனுபவப்படி ஏதோ ஒன்றைப் பிரிக்க ஆரம்பிப்பார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணா, காலைல ஸ்டார்ட் பண்ணதும் டிக் டிக்குனு வருது, அஞ்சு நிமிஷத்துல நின்னுடுது. ரேஸ் பண்ணா கூடவே ஏறுது. ஏசி போட்டாலும் மாறல. ஆயில் லெவல் கரெக்டா இருக்கு, போன மாசம்தான் மாத்தினேன். மூணாவது சிலிண்டர் பக்கம்னு நெனைக்கிறேன்." அவர் முகமே மாறும். வண்டியை முந்தைய நாள் இரவே விட்டுவிட்டு வாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் வரும் சத்தத்தைச் சூடான இன்ஜினில் யாரும் கண்டுபிடிக்க முடியாது.

வாரன்டியில் இருக்கும் வண்டி என்றால் வெளியே கை வைக்க விடாதீர்கள். சர்வீஸ் சென்டரில் "நார்மல்தான் சார்" என்பார்கள். அதே மாடல் வண்டி ஒன்றை யார்டிலிருந்து ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றுபோல் கேட்டால் அவர் சொல்வது உண்மை. கேட்காவிட்டால், புகாரை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். பிறகு வாரன்டி முடிந்தாலும், முடிவதற்கு முன்பே சொன்னதற்கு அது சாட்சி.

செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகும்போது பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சுடச்சுட இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டிருக்கிறார்கள். ஆறட்டும் என்று இரண்டு மணி நேரம் கழித்து வருவதாகச் சொல்லுங்கள், அல்லது மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டுக்கு நீங்களே போய் நில்லுங்கள்.

ஸ்பேர்ஸை ஜே.சி. ரோட்டில் நீங்களே வாங்கினால் காசு மிஞ்சும். போவதற்கு முன் வண்டியின் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். ஒரே மாடலுக்கு ஆண்டுக்கு ஆண்டு டேப்பட்டும் பேக்கிங்கும் மாறும், எண் இல்லாமல் போனால் கடைக்காரர் தருவதை வாங்கிவந்து மறுநாள் மறுபடி போக வேண்டியிருக்கும். ஆயில் ஃபில்டரை மட்டும் தெரிந்த கடையில், பில்லோடு வாங்குங்கள், போலி அதிகம் புழங்கும் பொருள் அது. வேலை முடிந்ததும் கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு காலையில் ஆயில் ஸ்டிக்கை மறுபடி உருவிப் பாருங்கள். அளவு இறங்கியிருந்தால், பிரித்து மூடிய இடத்தில் எங்கேயோ கசிகிறது, வண்டியை அதே கராஜுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும்.